அறிவுச்செல்வி கேட்கும் ஏழு காகிதங்கள்

அறிவுச்செல்வி காகிதத்தை முதலில் படிப்பதில்லை, முகர்ந்து பார்க்கிறார். நீட்டிய பதிவுப் புத்தகத்தை வாங்கி, நடுப்பக்கத்தை விரித்து, மூக்குக்குப் பக்கத்தில் வைத்து இரண்டு முறை மூச்சை இழுக்கிறார். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அந்த இரண்டு மூச்சுக்குள் வியர்த்துவிடும். "படகுப் புஸ்தகம்னா டீசல் வாசம் அடிக்கோணுங்க. இல்லாட்டி மீன் வாசம். இது டீ வாசமடிக்குது. யாரு டீத்தண்ணில நனைச்சுப் பழசாக்குனது?" என்று ஒருவரைக் கேட்டபோது நான் அருகில் இருந்தேன். அந்த மனிதர் டீக்கடை வைத்திருப்பவர், புத்தகமும் அசல்தான் என்பது பிறகு தெரிந்தது. அதற்காக அறிவுச்செல்வி வருத்தப்படவில்லை. "டீக்கடைக்காரருக்குப் படகு எதுக்குங்க?" என்று அடுத்த சந்தேகத்துக்குப் போய்விட்டார்.

எடப்பாடிக்கு மேற்கே, காவிரிக் கரையில் ஒரு படகுத்துறை. துறையின் பெயரை எழுதக்கூடாது என்பது அவர் எனக்குப் போட்ட முதல் நிபந்தனை. ஆட்களின் பெயரை மாற்றிவிட வேண்டும் என்பது இரண்டாவது. மூன்றாவதாக என் ஆதார் அட்டையைக் கேட்டார். பத்திரிகையில் எழுதுவதற்கு ஆதார் எதற்கு என்றேன். "எழுதறவரு நீங்கதான்னு எனக்கு எப்படித் தெரியுமுங்க?" நகல் எடுத்து, அதன் மேல் குறுக்காக இரண்டு கோடு இழுத்து, எந்தக் காரியத்துக்காகக் கொடுத்தது என்று கோடுகளுக்கு நடுவில் என்னையே எழுதவைத்து, தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொண்டார். நல்ல பழக்கம். இப்போது நானும் எங்கே நகல் கொடுத்தாலும் அப்படித்தான் செய்கிறேன்.

கடைப் பலகையில் ஜெராக்ஸ், லேமினேஷன் என்று எழுதியிருக்கிறது. ஆனால் நாற்பத்தாறு வயது அறிவுச்செல்வியைத் தேடி வருகிறவர்கள் நகலெடுக்க வருவதில்லை. படகு பேர் மாற்ற வருகிறார்கள். இந்தப் பக்கத்து ஆட்கள் லாரி வாங்கி விற்பதில் கரை கண்டவர்கள், ஆர்.சி. புத்தகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு படிப்பார்கள். படகுக்கும் அதே மாதிரி பதிவு உண்டு, ஆண்டுக்கு ஒரு தரம் ஆய்வு உண்டு, வரி உண்டு, கைமாறினால் பேர் மாற்ற வேண்டும் என்று வந்தபோது அவர்களுக்கே தலை சுற்றியது. அந்தச் சுற்றலில்தான் இவர் தொழில் நடக்கிறது.

வரி ரசீதுகளை அவர் கடைசியிலிருந்து முன்னோக்கிப் படிக்கிறார். நடுவில் ஓராண்டு விட்டுப்போயிருந்தால் விரலை அங்கேயே வைத்துக்கொண்டு நிமிர்வார். "வரி கட்டாத வருஷத்துலதானுங்க ஏதோ நடந்திருக்கும்." விற்கிறவரையும் வாங்குகிறவரையும் ஒரே பெஞ்சில் உட்காரவிட மாட்டார். விற்கிறவரிடம் அவர் கேட்கும் கேள்வி எந்தப் படிவத்திலும் இல்லை. "உங்க படகு எந்தப் பக்கம் தண்ணி ஊறுமுங்க?" சொந்தக்காரருக்குத்தான் அது தெரியும் என்பது அவர் கணக்கு. ஒரு முறை ஒருவர் இந்தக் கேள்விக்கு, ஃபோன் பேசிவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே போனார். வாசலில் விட்டிருந்த செருப்பைக்கூட எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டார். அந்தப் படகு யாருடையதோ, இன்னும் தெரியவில்லை.

பேர் மாற்ற அலுவலகத்தில் கேட்பது நான்கு காகிதங்கள். அறிவுச்செல்வி கேட்பது ஏழு. சொந்தக்காரர் படகைப் பிடித்துக்கொண்டு நிற்கும் புகைப்படம், அதில் அன்றைய செய்தித்தாள் தெரிய வேண்டும். துறையில் பக்கத்தில் படகு கட்டுகிறவர் தன் கைப்பட எழுதிய கடிதம். பிறகு, பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்திட்ட தாள். இந்த மூன்றும் எந்தச் சட்டத்திலும் இல்லை. இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குவதற்காக இழுத்தடிக்கிறார் என்று துறையில் ஒரு பேச்சு உண்டு. எனக்கும் முதலில் அந்தச் சந்தேகம் இருந்தது.

ஒரு நாள் மத்தியானம் தானாகவே சொன்னார். இருபது வயதில் சங்ககிரிப் பக்கம் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தாராம். கடன் வாங்க வந்த டிரைவர்களிடம் முதலாளி வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கி வைத்திருப்பார். ஒரு நாள் அதில் ஒன்றை எடுத்துக் கொடுத்து, இந்த வண்டி நம்பரை அடி, வாங்குபவர் என்ற இடத்தில் இந்தப் பேரை அடி என்றார். இவர் அடித்தார். பத்து நாள் கழித்து அந்த டிரைவர் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். "சண்டை கிண்டை ஒண்ணும் போடலீங்க. எம்பட வண்டி எப்படி அம்மிணி அவரு பேருக்குப் போச்சுன்னு என்னைத்தான் கேட்டாரு. என்ன சொல்றதுங்க? அடிச்சது நான்தானுங்களே." அடுத்த நாளிலிருந்து அந்த வேலைக்குப் போகவில்லை. இதைச் சொல்லிவிட்டு, "இதையும் எழுதுவீங்களா?" என்று கேட்டார். எழுதலாமா என்றேன். கொஞ்சம் யோசித்து, எழுதுங்கள் என்றார்.

போன சித்திரைக் கடைசியில் வேலுசாமி என்பவர் மகளோடு வந்தார். இருபத்தெட்டு ஆண்டுகளாக அந்தத் துறையில் ஆட்களை அக்கரைக்கு ஏற்றிப் போகிறவர். முப்பது பேர் ஏறும் டீசல் படகு. அதை மகள் நித்யஸ்ரீ பேருக்கு மாற்ற வேண்டும். நித்யஸ்ரீ பி.காம். முடித்துவிட்டு அப்பாவின் படகிலேயே டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மகள்தான் பேசினாள். வேலுசாமி தலையை மட்டும் ஆட்டினார். அப்பாவின் முழங்கையைப் பிடித்த கையை அவள் எடுக்கவே இல்லை. அவர்கள் போன பிறகு அறிவுச்செல்வி என்னிடம் சொன்னார்: "முழங்கையைப் புடிச்சுக் கூட்டியாராங்கன்னா ஒண்ணு போலீஸு, இல்லாட்டி சொத்துக்கு வந்தவங்க."

மறுமுறை வந்தபோது மகளை அப்பாவின் புகைப்படம் எடுத்துவர அனுப்பிவிட்டுத் தனியாகக் கேட்டார். "ஏனுங்ணா, உங்க இஷ்டத்துலதான் எழுதிக் குடுக்கறீங்களா? யாராச்சும் கட்டாயப்படுத்தறாங்களா?"

"இல்லீங்க அம்மிணி. என்ற இஷ்டந்தானுங்க."

சொல்லும்போது அவர் முகம் சுவரில் தொங்கிய காலண்டர் பக்கம் இருந்தது. தன்னைப் பார்த்துச் சொல்லக் கூசுகிறார், அப்படியானால் ஏதோ இருக்கிறது என்று அறிவுச்செல்வி முடிவு செய்துகொண்டார். ஏழு காகிதங்களையும் கேட்டார். பக்கத்துப் படகுக்காரர் கடிதம் எழுதித் தந்தார். எழுத்து வேறு யாரோ எழுதியது போலிருக்கிறது என்று திருப்பி அனுப்பினார். புகைப்படத்தில் செய்தித்தாளின் தேதி தெரியவில்லை என்று மறுபடி எடுக்கச் சொன்னார்.

"ஆபீஸ்ல நாலுதானுங்கக்கா கேக்கறாங்க" என்றாள் நித்யஸ்ரீ.

"அவசரம் என்னத்துக்குக் கண்ணு?"

அவள் காகிதங்களை அடுக்கிப் பையில் வைத்தாள். அது சந்தேகத்தை இரண்டு மடங்காக்கியது. வேலுசாமியின் மகன் ஜெகதீஸ்வரன் சத்தீஸ்கரில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் வேலை செய்கிறார். அவருடைய நம்பரை அவர்களிடமே வாங்கி, அறிவுச்செல்வி பேசினார். மகனுக்கு விஷயமே தெரியாது. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலீங்களே. நான் வாரேனுங்க. நான் வார வரைக்கும் ஒரு காயிதத்துலயும் கையெழுத்து வாங்காதீங்க" என்றார். அறிவுச்செல்வி ஃபோனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பாத்தீங்களா என்று கேட்காத குறைதான்.

மகன் வருவதாகச் சொன்ன நாளுக்கு முந்தின நாள் காலை, கடையைப் பூட்டிவிட்டு என்னையும் கூப்பிட்டார். "படகுல ஒரு நடை போயிட்டு வரலாமுங்க. அவிய ரெண்டு பேரும் எப்படி இருக்காங்கன்னு பாக்கோணும். சாட்சிக்கு ஒரு ஆளு வேணும்."

எட்டரை மணிப் படகு. பால் கேன், இரண்டு மோட்டார் சைக்கிள், அக்கரைக் கல்லூரிக்குப் போகும் பெண்கள், நூல் மூட்டையோடு ஒருவர். வேலுசாமி பின்னால் நின்று சுக்கானைப் பிடித்திருந்தார். நித்யஸ்ரீ முன்னால், ஆற்றையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்று டிக்கெட் கிழித்தாள். கதவணையில் தண்ணீரைக் குறைத்திருந்ததால் ஆற்றின் நடுவே அங்கங்கே பாறை முதுகு தெரிந்தது.

"தெக்கால தள்ளி ஒக்காருங்க" என்றாள் நித்யஸ்ரீ சத்தமாக. நான் தள்ளி உட்கார்ந்தேன். கல்லூரிப் பெண்களும் தள்ளினார்கள். அறிவுச்செல்வி நகரவில்லை. கொஞ்ச நேரத்தில், "வடக்கால போங்க. கொஞ்சம். இன்னும் கொஞ்சம். போதுமுங்க" என்றாள். நான் எழப் போனேன். அறிவுச்செல்வி என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். வடக்குப் பக்கப் பலகையில் ஆளே இல்லை. நூல் மூட்டை மட்டும் இருந்தது. படகின் மூக்கு மெல்ல வடக்கே திரும்பி ஒரு பாறையைச் சுற்றிக்கொண்டு போனது.

அறிவுச்செல்வி திரும்பி வேலுசாமியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் கண்கள் கரையையும் பார்க்கவில்லை, தண்ணீரையும் பார்க்கவில்லை. தென்னைகளுக்கு மேலே வெறும் வானத்தில் இருந்தன. காது மட்டும் மகள் பக்கம் சாய்ந்திருந்தது. அதன் பிறகு அக்கரை சேரும்வரை அறிவுச்செல்வி பலகையின் விளிம்பைப் பிடித்த கையை எடுக்கவில்லை. 

எல்லாரும் இறங்கிய பிறகும் அவர் இறங்கவில்லை.

"எத்தனை நாளா?" என்று கேட்டார்.

நித்யஸ்ரீயின் முகம் ஒரு நொடியில் கறுத்துவிட்டது. வேலுசாமிதான் பதில் சொன்னார். "அவளை ஒண்ணும் சொல்லாதீங்க அம்மிணி. பொங்கலுக்கு அப்புறமேட்டுக்கு இப்படி. வெளிச்சம் தெரியுதுங்க. உருவந்தான் தெரிய மாட்டேங்குது. சக்கரை கண்ணுக்கு ஏறிப்போச்சுன்னு டாக்டர் சொன்னாருங்க."

"முப்பது சனத்தை ஏத்திக்கிட்டு, கண்ணு தெரியாம?" என்றார் அறிவுச்செல்வி.

"தப்புத்தானுங்கக்கா" என்றாள் நித்யஸ்ரீ. "அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தோம். ஓட்டற லைசென்ஸ் எனக்கு மாசியிலயே வந்துருச்சு. ஆனா புஸ்தகத்துல பேரு யாருதோ அவங்கதான் சுக்கான் புடிக்கோணும்னு துறை ஏலம் எடுத்தவரு சொல்லிட்டாரு. அப்பாவுக்குக் கண்ணு தெரியலேன்னு தெரிஞ்சா அன்னைக்கே அவரோட படகைக் கொண்டாந்து உட்ருவாரு. அப்புறம் எங்களுக்கு எடமே இருக்காது. நாலு காயிதந்தான, அஞ்சு நாள்ல பேரு மாறிரும்னு நெனச்சோமுங்க. நீங்க…" நிறுத்திவிட்டாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "இருவத்திரண்டு நாளாச்சுங்கக்கா."

அக்கரையில் ஏறுவதற்குப் பத்துப் பன்னிரண்டு பேர் வந்து நின்றார்கள். அறிவுச்செல்வி எழுந்து படகின் வாயிலில் நின்றுகொண்டார். "இஞ்சின் கோளாறுங்க. இன்னிக்கு ஓடாது. அடுத்த படகுல வாங்க" என்றார். அவர் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு நித்யஸ்ரீயிடம், "நீ புடி" என்றார்.

திரும்பும்போது வேலுசாமி பயணிகளின் பலகையில் உட்கார்ந்திருந்தார். மகள் யாரையும் தள்ளி உட்காரச் சொல்லவில்லை. படகு பாறைகளுக்கு நடுவே கோடு போட்டது போல வந்து சேர்ந்தது. பேர் மாறும்வரை படகை அவிழ்க்கக் கூடாது என்று சொல்லி, சாவியை அறிவுச்செல்வியே வாங்கி வைத்துக்கொண்டார். கடைக்கு வந்ததும் பூட்டைத் திறந்தார். பிறகு, "ஒரு நாளைக்கு எட்டு நடைங்க. இருவத்திரண்டு நாள். நான் கேட்ட காயிதத்துக்காக" என்றார். தண்ணீர் குடித்தார். அன்று வந்த இரண்டு பேரை நாளை வரச் சொல்லி அனுப்பிவிட்டார்.

மறுநாள் ஜெகதீஸ்வரன் வந்தார். முப்பது வயதிருக்கும். ரயிலிலிருந்து நேராக வந்திருந்தார். கம்பெனி பேர் போட்ட சிவப்புப் பனியன், தோளில் பை. ஆட்சேபணை இல்லை என்ற தாளை வாங்கி, முன்பக்கம் படிப்பதற்கு முன் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். அறிவுச்செல்விக்கு ஏற்ற ஆள்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

"தங்கச்சி நாளைக்குக் கல்யாணமாகிப் போயிட்டா படகு யாருதுங்க?" என்றார். "மேட்டூர்ப் பக்கம் ஒருத்தரு கேக்கறாரு. வித்துப்போட்டு அப்பா பேர்ல போட்டு வெச்சா அவரு ஊட்ல ஒக்காந்து சாப்புடலாம். எதுக்கு எனக்குத் தெரியாம இத்தனை அவசரம்? என்னமோ மறைக்கறாங்க."

அவர் சொன்னதில் தப்பு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அறிவுச்செல்வி வேலுசாமியின் பக்கம் திரும்பினார். "ஏனுங்ணா, பையன் கையெழுத்து சட்டத்துல கேக்கறதில்லீங்க. நானாத்தான் கேட்டேன். அது வேண்டாம். நீங்க போட்டாப் போதும்."

வேலுசாமி தலையை அசைத்தார். "நீங்க கேக்காம இருந்திருந்தாச் சரிங்க அம்மிணி. கேட்டு, அவனும் அத்தனை தூரம் வந்ததுக்கப்புறம் வேண்டாம்னா, பையனை ஒதுக்கி வெச்ச மாதிரி ஆயிரும். அவன் போடாம நான் போட மாட்டனுங்க."

"அப்ப அவருகிட்டச் சொல்லீருங்க."

வேலுசாமி வேண்டாமென்று கையை ஆட்டினார். மகனுக்குத் தெரியக்கூடாது என்பதில் மட்டும் பிடிவாதமாக இருந்தார். நித்யஸ்ரீ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "பாத்தீங்களா" என்றார் ஜெகதீஸ்வரன்.

அறிவுச்செல்வி எழுந்து ஷட்டரைப் பாதிக்கு இறக்கினார். திரும்பி வந்து வேலுசாமிக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏனுங்ணா. தம்பி போட்டிருக்கற சட்டை என்ன கலருங்க?"

"அக்கா, வேண்டாமுங்க" என்றாள் நித்யஸ்ரீ.

வேலுசாமி, மகன் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். நெற்றியைச் சுருக்கினார். கடைக்கு வெளியே ஒரு டெம்போ பின்னால் எடுக்கும் சத்தம் கேட்டது. 

"ஊருக்கு வாரப்ப வெள்ளைச் சட்டைதானுங்க போடுவான்" என்றார்.

ஜெகதீஸ்வரன் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். பையைக் கீழே வைத்துவிட்டு அப்பாவின் எதிரே குந்தி உட்கார்ந்து, முகத்துக்கு முன்னால் கையை மெல்ல ஆட்டினார். வேலுசாமி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளங்கையைக் கட்டைவிரலால் தடவினார். "ஏண்டா, கை இப்படிக் காப்புக் காச்சுப்போய்க் கெடக்குது" என்றார்.

"எனக்கு ஏம்ப்பா சொல்லல?"

"சொன்னா வேலைய உட்டுப்போட்டு வந்துருவ."

அறிவுச்செல்வி மேசைக்குப் போய் இல்லாத தூசியைத் துடைத்தார். நான் வெளியே பார்த்தேன். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு ஜெகதீஸ்வரன் எழுந்து வந்து பேனாவைக் கேட்டார். கொடுக்கும்போதும் அறிவுச்செல்வி, "படிச்சுப்போட்டுப் போடுங்க தம்பி" என்றார். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு முழுவதும் படித்தார். இரண்டு தரம் படித்தார். பிறகு போட்டார்.

அதன் பிறகு அறிவுச்செல்வி மாறிவிட்டார் என்று எழுதினால் அது பொய். அடுத்த வாரம் வந்தவரிடமும் ஏழு காகிதம் கேட்டார். அந்த ஆள் சலித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். "போறாரு பாருங்க, ஏதோ இருக்குது" என்றார். ஆனால் போகிறவரைக் கூப்பிட்டு, "உங்களுக்கு என்னத்துக்குங்க அவசரம்? நெசமாத்தான் கேக்கறேன். சொல்லுங்க" என்றும் கேட்டார். அவர் சொல்லவில்லை. சந்தேகம் தீராமலே அன்று கடை மூடினார்.

நித்யஸ்ரீயின் புத்தகம் அண்ணன் கையெழுத்திட்ட பதினோராம் நாள் வந்தது. திங்கட்கிழமை, அப்பாவும் மகளும் வாங்க வந்தபோது கடையில் கூட்டம். துறை ஏலம் எடுத்தவரின் மேஸ்திரி ஏதோ நகலெடுக்க வந்து நின்றிருந்தார். அறிவுச்செல்வி புத்தகத்தை நித்யஸ்ரீயிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். பதிவு எண், படகின் நீளம், இஞ்சின் எண், உரிமையாளர் பெயர். அவள் பெயர் வந்த இடத்தில் மேஸ்திரி திரும்பிப் பார்த்தார்.

"இங்க குடு சாமி, பாக்கலாம்" என்று வேலுசாமி மகளிடம் கையை நீட்டினார். எல்லாரும் பார்க்க, புத்தகத்தை வாங்கி விரித்து, கையை நீட்டித் தூரத்தில் பிடித்து, வரிவரியாகத் தலையை அசைத்துப் படிக்கத் தொடங்கினார். புத்தகம் தலைகீழாக இருந்தது.

அறிவுச்செல்வி மேஸ்திரியிடம், "எத்தனை காப்பிங்க? ரெண்டு பக்கமுமா?" என்று கேட்டுக்கொண்டே, அந்தப் பக்கம் பார்க்காமல் கையை மட்டும் நீட்டி, வேலுசாமியின் விரல்களுக்குள் இருந்த புத்தகத்தை நேராகத் திருப்பி வைத்தார்.